ஊதல் கிஸ்ட்டுக்குத் தோள் கொடுத்தவர்

ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம். டிரம்வின் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் எபனேசர் லம்கேர் வேதாகமச் சங்கீதத்தை முதலில் பாடி எடுத்துக்கொடுத்த தடவைகள் இவை. 1858இல் தொடங்கி முப்பத்தொரு ஆண்டுகள், வாரம் ஓர் ஆராதனை, ஆராதனைக்கு நான்கு சங்கீதம். பெருக்கிப் பார்த்தவர் அவரேதான். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். இவற்றில் எத்தனை சரியான சுருதியில் அமைந்தன என்பதை ஊர் எண்ணி வைத்திருந்தது. அது ஒற்றை இலக்கம்.

பிரசங்க மேடைக்கு நேர் கீழே அவருக்கென்று பலகையால் அடித்த ஒரு சிறு கூண்டு இருந்தது. எந்த வாத்தியமும் நுழையாத கோயில் அது. போதகர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னதும் எபனேசர் எழுவார். சுருதி காட்டும் இசைக்கவையைக் கூண்டின் விளிம்பில் தட்டிக் காதருகே பிடிப்பார். இசைக்கவை சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, தனக்குத் தோன்றிய இடத்தில் தொடங்குவார். பெண்கள் எட்டாமல் பாதியில் கீழ்ச்சுருதிக்கு இறங்குவார்கள். ஆண்கள் மூன்றாவது வரியில் வந்து சேர்வார்கள். ஆட்டுக்காரர்களோடு வந்து பெஞ்சுக்கடியில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து வெளியே போய்விடும். நாய்களுக்கு வெளியே போக உரிமை இருந்தது.

வார நாட்களில் எபனேசர் தச்சர். ஊரில் அவர் செய்வது பெரும்பாலும் கிஸ்ட். கிஸ்ட் என்றால் பெட்டி. ஆனால் வெறும் பெட்டி என்று சொல்லிவிட்டுப் போனால் டிரம்வின் இருக்கும் மேர்ன்ஸ் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தக் காலத்து ராஜாக்களின் நகை இருந்ததும் கிஸ்ட்டில்தான், டிரம்வின் கோயிலின் தருமப் பணம் இரண்டு பூட்டோடு இருப்பதும் கிஸ்ட்டில்தான். பண்ணை ஆள் ஒரு பண்ணையை விட்டு இன்னொரு பண்ணைக்குப் போகும்போது வண்டியில் ஏறுவது அவனும் அவன் கிஸ்ட்டும் மட்டுமே. கொட்டடியில் நாற்காலி கிடையாது. அந்தக் கிஸ்ட்டின் மேல்தான் உட்காருவான், சாப்பிடுவான், பிடில் வாசிப்பான். வருஷத்துக்கு வேண்டிய ஓட்ஸ் மாவைக் கொட்டி, பிள்ளைகளின் காலைக் கழுவிவிட்டு ஏற்றி மிதிக்கவைத்து இறுக்குவது மாவுக் கிஸ்ட். கல்யாணப் பெண்ணின் போர்வையும் துணிமணியும் போவது இன்னொரு கிஸ்ட். நெஞ்சில் சளி கட்டினால் "கிஸ்ட்டுல கோளாறு" என்று கிழவர்கள் மாரைத் தட்டிக் காட்டுவார்கள். உழும்போது கலப்பை கல்லில் முட்டி, நாலு பக்கமும் கல் பதித்த குழிக்குள் யாரோ ஆதிகாலத்து மனிதன் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தால் அதுவும் கிஸ்ட். கடைசியாக, சவப்பெட்டி.

பிணத்தைப் பெட்டியில் கிடத்துவதற்கும் கிஸ்ட் என்பதே வினைச்சொல். அந்தச் சடங்குக்குச் சபையின் மூப்பர் ஒருவர் வந்து நிற்க வேண்டும். சவத்துக்குச் சுற்றிய துணி உள்நாட்டு நெசவுதானா என்று பார்க்கப் பழைய பார்லிமெண்ட் போட்ட சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் என்பார்கள். சட்டம் செத்து எத்தனையோ காலமாகிறது. மூப்பர் வருவது நிற்கவில்லை, ஏனென்றால் விஸ்கி ஊற்றுவது நிற்கவில்லை. எபனேசர் மூப்பரும்கூட. ஆகவே அளவெடுக்க ஒருமுறை, கிஸ்ட்டைக் கொண்டுவர ஒருமுறை, ஜெபிக்க ஒருமுறை என்று ஒவ்வொரு சாவு வீட்டிலும் அவருக்கு மூன்று கோப்பை.

இத்தனை கிஸ்ட்டிலும் அவருக்கு ஆகாத கிஸ்ட் ஒன்றே ஒன்று: ஊதல் கிஸ்ட். ஆர்கன் வாத்தியத்தை, ஊதல்கள் அடைத்த பெட்டி என்று, அந்த நாட்டு வைதீகர்கள் வைத வசவு அது. சீர்திருத்தக் காலத்தில் கோயில்களிலிருந்து ஆர்கனைப் பிடுங்கி எறிந்தவர்களின் பேரப் பிள்ளைகள், ஆர்கனையே பார்த்திராதவர்கள், இருநூறு முந்நூறு வருஷம் அந்த வசவைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். என்றாவது உதவும் என்று.

1889இல் உதவியது. புதிதாக வந்த போதகர் டல்கார்னோ நல்ல காது உள்ளவர், அதுதான் பிரச்சினை. எபனேசரை ஏழு மாதம் பொறுத்துக்கொண்டு, எட்டாவது மாதம் கிளாஸ்கோவுக்கு ஓர் ஆர்கன் கேட்டு எழுதிப்போட்டார். ஆர்கன் வந்தால் கூண்டு போய்விடும், அந்த இடத்தில்தான் அதை வைக்க முடியும். இதைச் சபையில் சொன்னபோது எபனேசர் கூண்டுக்குள்ளேயே எழுந்து நின்றார்.

"ஐயா, நான் நானூறு பேருக்குக் கிஸ்ட் அடிச்சிருக்கேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. ஆனா அந்த ஊதல் கிஸ்ட் இந்த வாசப்படி தாண்டினா, எனக்கு நீங்க ஒண்ணு அடிச்சிடலாம்."

"குறை சொல்ற நிலைமையிலயா அவங்க இருந்தாங்க?" என்று பின் பெஞ்சில் கொல்லன் டாட் கிரிகி தன் கைக்குள் சொல்லிக்கொண்டான். அது மூன்று பெஞ்சுக்குக் கேட்டது.

டல்கார்னோ சமாதானப் பிரியர். மேடையிலிருந்தே வாக்குக் கொடுத்தார்: "சபையார் மேல எதையும் திணிக்க மாட்டேன். நீங்களே மனசு ஒத்துத் தூக்கிட்டு வந்தாத்தான் ஆர்கன் உள்ள வரும். அதுவரைக்கும் என் வீட்டுக் களஞ்சியத்துல கிடக்கட்டும்."

எபனேசர் உடனே ஆர்கன் வேண்டாமென்று மனு எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு ஆண்கள் கையெழுத்திட்டார்கள். எப்படி என்று கேட்டால், அவர் அளவு நாடாவோடு வீட்டுக்குள் வரும்போது மனுவும் பையில் வந்தது. கூடத்தில் அப்பா கிடக்கும்போது யாரும் சவப்பெட்டிக்காரரோடு இசையைப் பற்றி வாதாட மாட்டார்கள்.

அவர் மனைவி பாத்தியாவுக்கு இதில் கருத்து இருந்தது. "ஏய்யா, உனக்குச் சங்கீதம் மேல பிரியமா, அந்தக் கூண்டு மேல பிரியமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

"கூண்டு பாடாது. அந்த ஒரு வித்தியாசம் இருக்கு."

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். விடாத மழை. ரயிலடியிலிருந்து வுல் ஜாப்பின் வண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. வுல் ஊருக்கு வண்டிக்காரன், குழிவெட்டி, கோயில் மணியடிப்பவன். அன்று காலை பக்கத்துச் சபைக்காரர்கள் இரவல் வாங்கிப்போன, சவப்பெட்டிமேல் போர்த்தும் சாவுப் போர்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்படியே ரயிலடிக்குப் போனான். நாலு வாரம் கழித்து வர வேண்டிய ஆர்கன் அன்றைக்கே வந்து இறங்கியிருந்தது. நீளமான மரக்கூட்டில் மல்லாக்கப் படுத்திருந்தது. போதகர் வீட்டுக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. பாலிஷ் கெட்டுவிடுமே என்று கையில் இருந்ததை எடுத்து மேலே போர்த்தினான். கையில் இருந்தது, குஞ்சம் தைத்த கறுப்பு வெல்வெட்டுச் சாவுப் போர்வை.

டிரம்வின்னில் சாவுப் போர்வை தெருவில் வந்தால் ஆண்கள் செய்வது ஒன்றுதான். வேலையைப் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, வண்டிக்குப் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். யார் என்று கேட்க மாட்டார்கள். வழியில் கேட்பது அநாகரிகம். புதைத்துவிட்டு விஸ்கி குடிக்கும்போது தானாகத் தெரிந்துவிடும். எவரும் பேச மாட்டார்கள், வண்டிக்காரனும் பேசக் கூடாது.

உலைக்களத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் ஒன்பது பேர். போர்வையைக் கண்டார்கள், ஒன்பது தொப்பியும் இறங்கின. தச்சுப் பட்டறை வாசலில் எபனேசர் நின்றிருந்தார். முதலில் அவருக்கு வந்தது துக்கமில்லை, கோபம். தனக்குத் தெரியாமல் ஒரு கிஸ்ட்டா? யார் அடித்தது? பிறகு பொறி தட்டியது. எடின்பரோவில் படுத்த படுக்கையாக இருந்த மிஸ் யூஃபீமியா, நிலக்கிழாரின் அத்தை. ரயிலில் வந்திருக்கிறாள். நிலக்கிழாரின் அத்தைக்கு முன்வரிசையில் தோள் கொடுத்தவரின் கூண்டில் எந்தப் போதகன் கைவைப்பான்?

மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய் வந்து, ஒன்பது பேரையும் தாண்டி, வண்டியின் தலைமாட்டில் போய் நடந்தார்.

வுல் திரும்பிப் பார்த்துத் திகைத்தான். "மூப்பரே, இது வந்து..."

எபனேசர் கையை உயர்த்தினார். "சவத்துக்கு முன்னால வாயைத் திறக்காத வுல். உங்கப்பன் இப்படியா பழக்கினான்?"

வுல் வாயை மூடிக்கொண்டான். கூட்டம் வளர்ந்தது. பள்ளிக்கூட வாசலில் நாலு பேர், ஆலையில் ஆறு பேர், உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த வயலிலிருந்து ஒரு கும்பல். மழை வெறுந்தலைகளில் தாளம் போட்டது. எபனேசர் தொழில் கண்ணால் போர்வைக்கடியில் இருந்த உருவத்தை அளந்தபடி நடந்தார். தோள் பக்கம் அகலம், கால் பக்கமும் அதே அகலம். சதுரக் கட்டை. இதற்குப் பேர் வேலையா? பக்கத்தில் வந்த டாட் கிரிகியின் காதில் கிசுகிசுத்தார், அவருக்கு மட்டும் பேச அனுமதி உண்டு போல:

"பட்டணத்து வேலை. மூலையைப் பாரு. என் கையில விட்டிருந்தா அம்மாவுக்கு இடுப்பு வளைவு எடுத்துக் குடுத்திருப்பேன்."

"யாரு மூப்பரே?"

"கேக்காத. பெரிய இடம்."

"பெரிய இடம்" கூட்டத்தின் பின்வரிசை வரைக்கும் பயணமானது. ஈரத்தில் சோர்ந்து கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பெரிய இடம் என்றால் விஸ்கியும் பெரிய அளவு.

கோயில் மேட்டில் வண்டி ஏறாது. வழக்கம்போல் அடிவாரத்தில் நின்றது. வுல் இறங்கி வந்து மறுபடி முயன்றான். "மூப்பரே, இது கோயிலுக்கு இல்ல, ஐயா வீட்டுக்..."

"ஐயாவுக்கு நான் சொல்லிக்கிறேன். தள்ளு."

எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். தலைமாட்டு வலது பக்கம், உரிமையுள்ள சொந்தக்காரன் நிற்க வேண்டிய இடத்தில், எபனேசர். தூக்கியபோது அவருடைய முழங்கால் மடங்கியது.

"யம்மாடி," என்றான் டாட். "நல்லாச் சாப்பிட்ட உடம்பு."

"ஈயத் தகடு அடிச்சிருப்பாங்க உள்ள. பணக்காரங்க அப்படித்தான்." நானூறு கிஸ்ட் அடித்தவருக்குத் தெரியாததில்லை.

மேட்டின் உச்சியில், கோயில் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு டல்கார்னோ நின்றார். களஞ்சியத்துக்கு வண்டி வருகிறதா என்று வீட்டு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் கண்ட காட்சி இது: மழையில் நனைந்து, தொப்பி கழற்றி, மௌனமாக, அறுபது ஆண்கள் தன் ஆர்கனைத் தோளில் சுமந்து வருகிறார்கள். முன்னால் எபனேசர் லம்கேர். கறுப்பு வெல்வெட்டுகூடப் போர்த்தி, எவ்வளவு பயபக்தி! போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகக் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு, கோயில் சாவியோடு ஓடி வந்திருந்தார்.

அவர் இரண்டு கையையும் உயர்த்தி ஜெபிக்கத் தொடங்கினார். ஜெபத்தின் நடுவே அசைய முடியாது, பேச முடியாது, சுமையை இறக்கவும் முடியாது. "கடின இருதயங்களை மெழுகாய் உருக்கிய தேவனே," என்றார். எபனேசர் தலை குனிந்தார். செத்தவள் கொஞ்சம் கடினமானவள் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். "எதிர்த்தவர்களின் தோள்களிலேயே இதை ஏற்றிவைத்த உமது கிருபைக்காக..." இங்கே எபனேசருக்கு ஒரு வார்த்தை இடறியது. மிஸ் யூஃபீமியாவை யார் எதிர்த்தார்கள்? ஆனால் தோளில் எட்டில் ஒரு பங்கு ஆர்கன் அழுத்தும்போது யாருக்கும் யோசனை ஓடாது. ஆமென் வந்ததும் எட்டுப் பேரும் வாசப்படியைத் தாண்டினார்கள்.

மேடைக்கு முன்னால், கூண்டிலிருந்து இரண்டடி தள்ளி, பெட்டியை இறக்கினார்கள். கால்மாடு தரையில் சற்று வேகமாகத் தட்டியது. உள்ளேயிருந்து நீண்ட, கனத்த முனகல் ஒன்று எழுந்தது.

ஆலைக்காரர் ஒருவர் பெஞ்சைத் தாண்டிக் குதித்தார். "உசிரு இருக்கு! உசிரு இருக்கு!" என்று இன்னொருவர் கதவைப் பார்த்து ஓடினார். டாட் கிரிகி மட்டும் அசையாமல் காதைச் சாய்த்துக் கேட்டான். முனகல் ஒரே சுருதியில், ஒரு மயிரிழை பிசகாமல், தணிந்து அடங்கியது. அந்தக் கோயிலில் அப்படி ஒன்று அதுவரை கேட்டதில்லை.

டாட் போர்வையின் ஒரு முனையைத் தூக்கினான். மரக்கூட்டின் பலகைகளுக்கு இடையே ஆர்கனின் வெள்ளைக் கட்டைகள் பல்லைக் காட்டின.

"மூப்பரே," என்றான் டாட், மிக மெதுவாக. "அம்மாவுக்கு நல்ல பல் வரிசை."

எபனேசர் வுல் ஜாப்பைத் தேடினார். அவன் கதவருகே, தொப்பியைக் கையில் உருட்டியபடி நின்றான். "ஏன்டா சொல்லலை?"

"ரெண்டு தடவை வாயைத் தொறந்தேன், ரெண்டு தடவையும் அடைச்சீங்க. அப்புறம் சரி, மூப்பருக்கு மனசு மாறிடுச்சு போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

டல்கார்னோ எபனேசரின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனசு ஒத்துத் தூக்கிட்டு வரணும்னு சொன்னேன். நீங்க இவ்வளவு அழகாச் செய்வீங்கன்னு எதிர்பார்க்கலை." எபனேசர் வாயைத் திறந்தார். அறுபது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை மூப்பர் சபை கூடுவதாக இருந்தது. இடையில் ஒன்றரை நாள். பாத்தியா விஷயத்தைத் தெளிவாக எடுத்துவைத்தாள்.

"போய் உண்மையைச் சொல்லிடு. பொணம்னு நெனச்சித் தூக்கினோம், ஆர்கன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டோம்னு சொல்லு. ஐயா நேர்மையான மனுஷன், குடுத்த வாக்குப்படி திரும்பத் தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவாரு. உன் கூண்டு உனக்கு."

"சொல்லலாம்."

"பின்ன என்ன?"

எபனேசர் பட்டறையில் பாதி முடிந்திருந்த கிஸ்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். "முப்பத்தஞ்சு வருஷமா கிஸ்ட் அடிக்கிறவன். ஒரு மைல் தூரம் பக்கத்துல நடந்து, தோள்லயும் தூக்கி, அது கிஸ்ட்டா இல்ல ஆர்கன் கட்டின கூடான்னு தெரியலைன்னு நானே எழுந்து சொல்லணுமா? எழுதி வேற வைப்பாங்க. அப்புறம் எவன் என்கிட்ட அளவெடுக்கக் கூப்பிடுவான்?"

"எல்லாருக்கும்தான் தெரியுமே!"

"தெரியறது வேற. நான் சொல்றது வேற."

"உன் கிஸ்ட்டுலதான் கோளாறு," என்று பாத்தியா தன் மார்பைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

மற்ற ஐம்பத்தொன்பது பேரும் இதே கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் ஊர்வலத்தில் நடந்தவர்கள். புகார் சொல்பவன் முதலில் ஓர் ஆர்கனுக்குத் தொப்பி கழற்றியதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவனும் முன்வரவில்லை. வராத சாவுக்கு விஸ்கியும் வரவில்லை என்ற துக்கம் மட்டும் சில நாள் நீடித்தது. மிஸ் யூஃபீமியா அந்த வாரம் எடின்பரோவில் கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்ததாகக் கடிதம் வந்தது. அவள் மீது கொஞ்சம் வருத்தப்பட்டவர்களும் உண்டு.

வியாழக்கிழமை டல்கார்னோ பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "ஆர்கனை மனுதாரர்களே மனமுவந்து உள்ளே கொண்டுவந்தார்கள்னு எழுதறேன். சரிதானே, மிஸ்டர் லம்கேர்?"

மழைநாளில் வாங்கிய சளி எபனேசரின் நெஞ்சில் கட்டியிருந்தது. இருமினார். மேஜையைச் சுற்றியிருந்த ஐந்து மூப்பர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"சரிதான்."

"தெரிஞ்சேதானே?"

"கிஸ்ட் விஷயத்துல எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது," என்றார் எபனேசர் லம்கேர்.

போதகர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கூண்டைப் பிரிக்கும் வேலை ஊரில் இருந்த ஒரே தச்சரிடம் வந்தது. பலகை நல்ல பழைய ஓக். அதில் ஒரு மாவுக் கிஸ்ட் செய்து, போதகர் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். முதல் ஞாயிறு ஆர்கன் வாசித்தவர் போதகரின் தங்கை. எபனேசர் ஐந்தாவது பெஞ்சில் பாத்தியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் அரை வார்த்தை முன்னால் பாடினார். நாய்கள் எழுந்து போகவில்லை.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஆலைக்காரரின் மாமனார் இறந்தார். எபனேசர் அடித்த கிஸ்ட்டை வுல் வண்டியில் ஏற்றி, சாவுப் போர்வையைப் போர்த்திக் கொண்டுவந்தான். உலைக்களத்தருகே ஒன்பது பேர் தொப்பியோடு நின்று, வண்டியை நிறுத்தி, போர்வையைத் தூக்கிப் பெயர்த் தகட்டைப் படித்துவிட்டு, பிறகு தொப்பியைக் கழற்றினார்கள்.